இடது இமையில் ஒரு கோட்

சாரத்தின் மூன்றாவது தட்டில் நின்று பெயிண்டர் ஜன்னல் மேல்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கீழே பலகை அறுத்துக்கொண்டிருந்த தச்சர் ரம்பத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணே, உங்க கண்ணுல என்னமோ மின்னுது.”

“வெயிலா இருக்கும்.”

“வெயில் ஒரு கண்ணுல மட்டுமா அடிக்கும்? இறங்கி வாங்க, பார்ப்போம்.”

இறங்கினால் மானம் போகும் என்று பெயிண்டருக்குத் தெரியும். ஆனாலும் காலை ஏழு மணியிலிருந்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவார் போலிருந்தது. இறங்கி வந்து தச்சருக்கு நேரே முகத்தை நீட்டி இடது கண்ணை மூடிக் காட்டினார். வேர்வையும் பட்டித் தூளும் அப்பிய முகத்தில், அந்த ஒற்றை இமை மட்டும் இளம் பொன்னிறத்தில் பளபளத்தது.

“பிரைமர்,” என்றார் பெருமையாக. “நாலு மணி நேரம் ஆச்சு. ஒரு பொட்டு உதிரலை பாரு.”

தச்சர் சிரித்த சிரிப்பில் உள்ளே சுவரில் பட்டி பூசி வழித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு ஓடி வந்தார். இருவருமாகச் சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகுதான் பெயிண்டரால் விஷயத்தைச் சொல்ல முடிந்தது.

விஷயம் அவர் மனைவியைப் பற்றியது. பெண்கள் பாட்டுக் குழு ஒன்றில் அவள் பாடுகிறாள். பன்னிரண்டு பேரில் அவள் குரல்தான் கூரையைத் தொடும். ஆனால் அவர்கள் பாடும் பிரார்த்தனைப் பாட்டின் மூன்றாவது வரியில், தொலைந்தவரைத் தேடி இறைவன் வருகிற இடம் வந்ததும், அவள் கண்கள் தாமாக வழியத் தொடங்கும். கடவுள் சிலருக்குக் கண்ணீரைக் கொஞ்சம் மேல்மட்டத்திலேயே வைத்துவிடுகிறார். குழுவில் அவளுக்குக் ‘குழாய்’ என்றே பெயர். போன வருடப் போட்டியில் கண்ணில் பூசியிருந்த சாயமும் மையும் கரைந்து தாடை வரை இறங்கின. கேமரா அதை விடாமல் பிடித்தது. படம் எல்லார் கைப்பேசிக்கும் போனது. எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். பிறகு சமையலறையில், சத்தத்தை அணைத்துவிட்டு அதை அவள் திரும்பத் திரும்பப் பார்த்ததை அவர் மட்டும் கண்டார்.

நாளை மாலை மறுபடி போட்டி. பாட்டு டீச்சர் கெட்டவள் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்: “பதினொரு பேரும் கண்ணு பளபளன்னு நிப்பாங்க. நீ மட்டும் வெறும் கண்ணோட நின்னாலும் தனியாத் தெரியும், சாயம் ஒழுகினாலும் தெரியும். சாயம் நிக்கிற மாதிரி ஒரு வழி கண்டுபிடிச்சுக் காட்டு. இல்லேன்னா பின் வரிசைதான்மா.” பின் வரிசைக்கு மைக் கிடையாது. அங்கே நின்று பாடினால் அது அவளுக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் கேட்கும்.

“அழாம பாடச் சொல்ல வேண்டியதுதானே?” என்றார் பட்டிக்காரர்.

“நனையாம குளின்னு சொல்ற மாதிரி இருக்கு.”

நேற்று அழகுசாதனக் கடைக்குப் போனவரிடம் அங்கே விற்கிற பெண், “இமைக்கு முதல்ல பிரைமர் போடணும் அங்கிள், அப்பதான் சாயம் நிக்கும்,” என்றதும் பெயிண்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முப்பது வருடமாக அவர் வீட்டுக்காரர்களிடம் மன்றாடிச் சொல்லி வருகிற வாக்கியம் அல்லவா! எத்தனை கோட், காய எவ்வளவு நேரம், ஈரத்தில் உரியுமா என்று அவர் அடுக்கிய கேள்விகளில் அந்தப் பெண் திணறிப்போனாள். விரல் நீளக் குழல், உள்ளே பொன்னிறப் பிரைமர். பதினாறு மணி நேரம் நிற்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. டப்பாவில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள். ஓரமாகக் கொஞ்சம் அடித்துப் பார்க்காமல் சுவரிலேயே கை வைக்காதவர், மனைவியின் கண்ணில் வைப்பாரா?

அதன் பிறகு வேலை எங்கே நடந்தது! தச்சர் குவளை நிறையத் தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்தார். நின்றது. பட்டிக்காரர் துண்டால் ஒற்றினார். நின்றது. மதியம் தச்சரின் சாப்பாட்டு டப்பாவிலிருந்த வெங்காயத்தைப் பிழிந்து கண்ணருகே காட்டினார்கள். பெயிண்டர் ஐந்து நிமிடம் தாரை தாரையாக அழுதார். மூன்று பேரும் கண்ணாடிக் கதவில் குனிந்து பார்த்தார்கள். பொன்னிறம் அப்படியே இருந்தது.

“நிக்குதுண்ணே! நிக்குது!” என்று கத்தியவர், காலையில் அதிகமாகச் சிரித்த அதே தச்சர்தான்.

பட்டிக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். “வெங்காய அழுகை வேற, மனசு அழுகை வேறண்ணே. அண்ணி முகத்துலயே பார்த்துருங்க.” சொல்லிவிட்டு, மிச்ச ஜன்னலைத் தான் பார்த்துக்கொள்வதாக அவரை ஒரு மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவைத்தார்.

கதவைத் திறந்த மனைவி இரண்டு அடி பின்னால் போனாள்.

“ஐயோ, என்னங்க இது வேஷம்?”

“உட்காரு, உட்காரு. ஜன்னல் பக்கமா உட்காரு.”

மூக்குக்கண்ணாடி போட்டால் அவளால் தன் இமையைத் தொட முடியாது. கழற்றினால் இமை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஆகவே பூசுகிற வேலை அவருடையது. கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிக்கொண்டு, அவள் தாடையை நிமிர்த்திப் பிடித்தார். எத்தனையோ கூரை ஓரங்களில் கோடு தவறாமல் இழுத்த கை, அந்த மெல்லிய தோலருகே போனதும் பின்வாங்கி, முதலில் காற்றில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துக்கொண்டது.

“மூச்சு விடாதே.”

“நீங்க விடாதீங்க முதல்ல. வெங்காய நாத்தம் குடலைப் பிடுங்குது.”

இரண்டு இமையிலும் மெல்லிய ஒரு கோட். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். அதன் மேல் அவளுடைய பழைய செம்புநிறச் சாயம். இமை விளக்கேற்றியதுபோல ஆகிவிட்டது. அவர் இரண்டடி தள்ளி நின்று, முடித்த சுவரைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“ம், இப்ப அழு.”

“அழுன்னா? குழாயைத் திருகுற மாதிரியா?”

“அதான் உன் பேரே. சரி, பாடு.”

அவள் பாடினாள். மூன்றாவது வரியில் கண்ணைத் திறந்தாள். ஒற்றை இமை மினுங்க அவர் கவலையோடு குனிந்து நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மறுபடி பாடினாள். மறுபடி சிரிப்பு. இத்தனை வருடத்தில் அந்த வரி அவளை அழவைக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. பெயிண்டருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“ஆமா, நீங்க ஏன் ஒரு கண்ணுல மட்டும் போட்டுக்கிட்டீங்க?” என்று கேட்டாள் சிரிப்பினூடே.

“உனக்கு இடது கண்ணுலதானே எதைப் போட்டாலும் எரியும்? அதான் இடதுல.”

“உங்க இடது கண்ணு எரியலேன்னா என்னோடதும் எரியாதா?”

அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “அது... எரியுறதா இருந்தா முதல்ல எனக்கு எரியட்டும்னுதான்,” என்றார் அசடு வழிய.

அவர் புருவத்தில் ஒட்டியிருந்த பட்டித் தூளை ஒரு விரலால் தட்டிவிட்டாள். பிறகு அவள் உதடு கோணியது.

“வருதா? வருதா?” என்றார் அவர்.

வந்தது. இரண்டு கண்ணிலிருந்தும், எந்தப் பாட்டுக்கும் வராத வேகத்தில் வந்தது.

“துடைக்காதே! ஓட விடு! அசையாதே, அப்படியே இரு!” அவர் அறைக்குள் குதிக்காத குறையாகச் சுற்றி வந்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, தெளிந்த தண்ணீராக. அதில் ஒரு துளி நிறமில்லை.

“போனை எடுங்க,” என்றாள் அவள் விசும்பிக்கொண்டே. “சீக்கிரம், நின்னுடப்போகுது. டீச்சரை வீடியோல கூப்பிடுங்க.”

இரண்டாவது மணியிலேயே டீச்சர் எடுத்தாள். “என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறினாள்.

“ஒண்ணும் ஆகலை டீச்சர். நான் அழுறேன், பாருங்க!”

டீச்சர் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். “வெளிச்சத்துப் பக்கம் திரும்பு,” என்றாள்.

பெயிண்டர் ஜன்னல் திரையை வலக்கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் போனை உயர்த்தினார். சாயங்கால வெயில் அவள் முகம் முழுக்க விழுந்தது. போனின் சின்னத் திரையில் டீச்சரின் முகம் கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில் வந்தது. கடைசியில் இரண்டு பெரிய கண்கள் மட்டுமே தெரிந்தன, இமைக்காமல். இந்தப் பக்கம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் இமை நுனியில் இன்னொரு துளி மெல்லத் திரண்டுகொண்டிருந்தது.