அட்டைக்குள் இருந்த கல்யாணம்

மத்திகிரிப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளை நூலகம். போன மழையில் கூரை ஒழுகி, பழைய புத்தகங்கள் ஒரு அலமாரி முழுக்க ஊறி, பூரி மாதிரி உப்பிப்போயின. நூலகர் மேகலா அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். வெயிலில் காய வைத்தபோது அட்டைகள் வாயைப் பிளந்தன. உள்ளே எட்டிப் பார்த்தவளுக்கு அழுகை போன இடம் தெரியவில்லை.

முன்னொரு காலத்தில் இந்தப் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்த ஆள் மகா கஞ்சன். கெட்டி அட்டை வாங்க மனசில்லாமல், ஓசூர் பிரஸ்களில் கழித்துப்போட்ட காகிதங்களை எடைக்கு வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவி அட்டையாக்கியிருந்தார். அவர் கஞ்சத்தனத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேகலா அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பொறுமையாகப் பிரித்தாள். டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ் வந்தது. கன்னட நாடக நோட்டீஸ், மாட்டுச் சந்தை அறிவிப்பு, மாதா கோயில் தேர்த்திருவிழா நிரல் எல்லாம் வந்தன. மாம்பழம் அனுப்பிவிட்டுக் கூடையைத் திருப்பிக் கேட்ட மச்சானைத் திட்டி ஒருவர் எழுதிய அஞ்சலட்டைகூட வந்தது. உப்பின புத்தகங்களிலேயே ஒன்று பட்டுப்புழு வளர்ப்பைப் பாட்டாகச் சொன்னது. அப்படி ஒரு புத்தகம் இருப்பதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

மேலதிகாரி பிரகாசத்துக்கு இதிலெல்லாம் மயக்கம் கிடையாது. "பதிவேட்டுல நம்பர் இல்லாத காயிதம் நூலகச் சொத்து இல்லம்மா. எடைக்குப் போட்டுடுங்க" என்றார். மேகலா கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு கண்காட்சிக்கு அனுமதி வாங்கினாள். "சரி, ஊர்க்காரங்கள்ல ஒருத்தராவது இது இங்க இருக்கணும்னு எங்கிட்ட வந்து கேக்கட்டும். இல்லன்னா அன்னிக்கே மூட்டை கட்டிடணும்" என்றார் அவர்.

கேட்க வைக்காமல் விடுவாளா மேகலா? அவள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. ஒரே அட்டைக்குள் கட்டாகக் கிடைத்த கல்யாணப் பத்திரிகைகள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. மாப்பிள்ளை பெயர் வெங்கடப்பன், லேத் ஆபரேட்டர். இன்றைக்கு மத்திகிரியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கும் அதே வெங்கடப்பன்தான். மேகலா அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். மனைவி சரோஜம்மாள் எடுத்தார்.

"அம்மா, உங்க கல்யாணப் பத்திரிகை எங்க நூலகத்துல கெடைச்சிருக்குது. ரெண்டு பேரும் வந்து நீங்களே தொறந்து வைக்கணும்."

"அய்யோ, எங்க வூட்ல இருந்த ஒண்ணையும் கரையான் தின்னுடுச்சி பாப்பா. கட்டாயம் வரன். அவருகிட்ட இப்ப சொல்லல, அங்க வந்து பாத்துக்கட்டும்!"

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தவர்கள், காய்கறிப் பையோடு வந்தவர்கள் என்று கூடம் நிறைந்தது. பிரகாசம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டுப்புடவையும் மைசூர்பாகு டப்பாவுமாக சரோஜம்மாள் வந்தார். பின்னாலேயே வெங்கடப்பன், எதற்கு இழுத்துவந்தாள் என்று தெரியாத முகத்தோடு.

சரோஜம்மாள் துணியை விலக்கி, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். மாப்பிள்ளை பெயர் வரைக்கும் குரல் கணீரென்று இருந்தது. மணமகள் பெயரில் நின்றுவிட்டது.

"ரூபா?"

மேகலாவுக்கு இப்போதுதான் உறைத்தது. ஒழுங்காக நடந்த கல்யாணத்தின் பத்திரிகை ஊருக்குள் வீடுவீடாகப் போயிருக்கும். கட்டுக் கலையாமல் பைண்டர் வீட்டுப் பசைக்குப் போயிருக்குமா? கட்டாகக் கிடைத்ததே என்று குதித்தவளுக்கு அப்போது இது தோன்றவே இல்லை. வெங்கடப்பன் மனைவியின் பெயர் என்ன என்றுகூட அவள் விசாரிக்கவில்லை. காகிதமும் போச்சு, ஒரு குடும்பமும் போச்சு என்று நினைத்தாள்.

"எவரய்யா ஈ ரூபா?" என்று தெலுங்கில் ஆரம்பித்த சரோஜம்மாள், எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழுக்கே வந்துவிட்டார். "யாருங்க இந்த ரூபா?"

"சாமல்பட்டிப் பொண்ணு" என்றார் வெங்கடப்பன், தரையைப் பார்த்து. "பேசி முடிச்சி பத்திரிகை வரைக்கும் வந்துது. அப்பறம் நின்னுடுச்சி."

"யாரு நிறுத்தனது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

வெங்கடப்பன் உதவிக்குப் பிரகாசத்தைப் பார்த்தார். பிரகாசமோ தனக்குத் தெரியாத கன்னட நோட்டீஸை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பத்திரிகை வாங்கறதுக்குப் பிரஸ்ஸுக்குக் கெளம்பனன். கம்பெனி பஸ்ஸுல நீ இருந்த. புதுசா பேக்கிங் செக்சன்ல சேந்திருந்த. டிபனைத் தொறந்து எல்லாருக்கும் குடுத்துட்டு, உனக்கு இல்லாம சிரிச்சிக்கிட்டு இருந்த. நான் பிரஸ்ஸுக்கே போவல. மறுநாள் சாமல்பட்டிக்குப் போயி அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட சொன்னன். ஒரு அறை வுட்டாரு. வாங்கிக்கிட்டு வந்தன்."

"பாவம், அந்தப் பொண்ணு எவ்ளோ அழுதுச்சோ!"

"அழுதுச்சாம். அது தப்புதான். இப்ப சிங்காரப்பேட்டையில ஜவுளிக்கடைக்காரரக் கட்டிக்கிட்டு நல்லா இருக்குது."

சரோஜம்மாள் இடுப்பில் கை வைத்தார். "இத்தன வருசமா என்னா சொன்னீங்க? 'உங்கப்பன் வந்து கெஞ்சனான், பாவம்னு தாலி கட்டனன்'னு தான? எந்தச் சண்டையிலயும் அதச் சொல்லித்தான என் வாய அடைச்சீங்க?"

"உங்கப்பாவ வரச் சொல்லி ஆள் அனுப்பனதே நாந்தான்."

கூடமே கொல்லென்று சிரித்தது. சரோஜம்மாளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது அந்த முகத்தில் கல்யாணப் பெண்ணின் களை இருந்தது. மேகலாவுக்கு மூச்சு வந்தது.

வெங்கடப்பன் மெல்லச் சட்டத்தை நோக்கி நகர்ந்தார். "பாப்பா, இது எங்க வூட்டுக் காயிதம்தான, குடுத்துடு."

சரோஜம்மாள் குறுக்கே போய் நின்றார். "வூட்டுக்குப் போனா இன்னிக்கே கிழிச்சிடுவாரு! சார், இது இங்கதான் இருக்கணும். பூட்டு போட்டு, சாவி இந்தப் பாப்பாகிட்ட இருக்கட்டும். கவர்மெண்டு காவல்ல இருந்தாத்தான் எங்க வூட்ல என் பேச்சு நிக்கும்."

பிரகாசம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "மேகலா, எல்லாக் காயிதத்துக்கும் நம்பர் போட்டு ஏத்துங்க. மொதல் நம்பர் இந்தப் பத்திரிகைக்கு" என்றார்.

மேகலா சட்டத்தைக் கழற்றிப் பத்திரிகையை வெளியே எடுத்தாள். ஓரத்தில் எண் எழுதி நூலக முத்திரையைக் குத்தினாள். மை காயும்வரை பக்கத்திலேயே நின்ற சரோஜம்மாள், கணவரிடம் திரும்பினார்.

"கவர்மெண்டே முத்திரை குத்திடுச்சி. இனி எங்கப்பாவப் பத்தி ஒரு வார்த்த பேசனீங்க, கையப் புடிச்சி இங்க கூட்டியாந்து நிறுத்திடுவன்."

"கூட்டியா" என்றார் வெங்கடப்பன். "நானும் எவ்ளோ நாளைக்குத்தான் பொய் சொல்லிக்கிட்டு இருக்கறது."