பையைக் கீழே இறக்கு

எத்திராஜுக்கு மூன்றாவது தடவையாகக் குளிர்காய்ச்சல் வந்து, ஊசி போட்டு இறங்கியிருந்தது. முதுகுத்தண்டில் புற்றுநோய். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர் ஒரு குழாய் வழியாகப் பிளாஸ்டிக் பையில் இறங்கும். வெள்ளிக்கிழமை மாங்காடு கோயிலில் அவர் மகள் ராணிக்குக் கல்யாணம். அதுவரை காய்ச்சல் வராவிட்டால் இரண்டு மணி நேரம் போய்வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தாலி கட்றத மட்டும் பாத்துட்டா போதும் பிரதரு. அப்பால இன்னா வேணா ஆவட்டும்" என்றார் எத்திராஜ் என்னிடம்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் பன்னிரண்டு கட்டில் போட்ட இல்லம் அது. இனிக் குணமாகாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை வலியில்லாமல் வைத்துக்கொள்ளும் இடம். 1993இல் நான் அங்கே ஆண் நர்ஸ்; எல்லோருக்கும் 'பிரதரு'. முகப்பேரில் ஒற்றை அறை. சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்கு மாதம் ஒரு கடிதம். காலை எட்டு மணிக்கு வேலைக்கு வருவேன்.

காய்ச்சல் குழாய் வழியாகத்தான் வருகிறது என்பது தெரியும். ஆயாக்கள் குப்பம்மாவுக்கும் பேபிக்கும் நான்தான் பாடம் எடுத்தேன். குழாயைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பையைக் காலிசெய்ய ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் குவளை. எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள்.

"கழுவிக் கழுவி ரேகையே பூட்ச்சு பிரதரு. ஜோசியக்காரன் கைய பாத்தா இன்னா சொல்வான்?" என்றாள் பேபி.

"அடுத்த ஜென்மத்துலயும் மூத்திரப் பைதான்னு சொல்வான், போடி" என்றாள் குப்பம்மா.

அப்படியும் காய்ச்சல் வந்ததால், பையை ஏன் உயர்த்தக்கூடாது என்று ஞாயிறு மதியம் செய்தே காட்டினேன். அடி அறுத்த சலைன் பாட்டிலை ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டி, அதில் புதுக் குழாயும் பையும் மாட்டினேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். பைக்குள் இறங்கியது.

"பாட்டில்தான் வயிறு. இப்ப பாருங்க" என்று பையைப் பாட்டிலுக்கு மேலே தூக்கினேன். மஞ்சள் தண்ணீர் திரும்பப் பாட்டிலுக்கே ஓடியது. "இதோட கிருமியும் உள்ள போகும். அதான் காய்ச்சல்."

குப்பம்மா விருட்டென்று எழுந்து போய்விட்டாள். கோபமோ என்று நினைத்தேன். சாயங்காலம் துணி மடிக்கும் இடத்துக்கு வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்வேன். மேட்ரன் கைல சொல்லக்கூடாது."

"சொல்லுங்கக்கா."

"காலீல தர தொடைக்கறப்ப, பினாயில் தண்ணி படக்கூடாதுன்னு அந்தப் பைய தூக்கி அவரு வயித்து மேல வெச்சுடுவேன். தர காயற வரிக்கும் அங்கயேதான் கீது. சுத்தமா இருக்கட்டும்னுதான் செஞ்சேன் பிரதரு." கண் கலங்கிவிட்டது. "அந்தப் பொண்ணு கல்யாணத்த நானே கெடுக்கப் பாத்தனே."

ஆறு மணிக்குத் தரை துடைப்பதை எட்டு மணிக்கு வரும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "தப்பு எம்மேலக்கா. பை தரையில கெடக்குறத தெனமும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். தொங்கவிட ஒரு கொக்கி போட்டிருக்கணும்" என்றேன்.

அவள் புருஷன் துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்தார். மறுநாள் காலையிலேயே அவர் செய்த பன்னிரண்டு கம்பிக் கொக்கிகள் வந்துவிட்டன. கட்டில் சட்டத்தில் மாட்டினோம். பை உடம்புக்குக் கீழே, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. அடியில் துடைப்பம் தாராளமாகப் போய்வந்தது.

செவ்வாய், புதன், வியாழன். காய்ச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை எத்திராஜோடு குப்பம்மாவும் நானும் வேனில் போனோம். சக்கர நாற்காலியின் அடிக்கம்பியில் பையை மாட்டி, துண்டால் மறைத்திருந்தேன். கோயில் மண்டபத்தில் துண்டு நழுவிவிட்டது. எத்திராஜின் மச்சான் வரதன் அதைப் பார்த்துப் பதறி, பையை எடுத்து அவர் மடியில் வைத்துத் துண்டைப் போர்த்தினார்.

"யோவ், எறக்குய்யா கீழ!" என்று ஒரு சத்தம், மேளத்துக்கும் மேலே. பட்டுப்புடவையில் குப்பம்மா.

"இன்னாம்மா நீ, சம்மந்தி ஊட்டாருங்க பாக்குறாங்கோ..."

"பாக்கட்டுமே. அவுங்களுக்கெல்லாம் மூத்திரம் வராதா? எறக்கு சொல்றேன்!"

வரதன் இறக்கினார். மணவறையில் குனிந்திருந்த ராணி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். எத்திராஜும் சிரித்தார். கெட்டிமேளம் கொட்டியது. சிரித்த முகத்தோடேயே அவர் தாலி ஏறுவதைப் பார்த்தார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கே போய்விட்டேன். பேபி கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"நேத்து பாயசத்துல சக்கரையே இல்ல பிரதரு" என்றார் எத்திராஜ். "சமையக்காரன் நல்லா ஏமாத்திட்டான்."