பச்சை ஃபூல் காய்

காலையில் எழுந்ததும் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். அத்தையை நிமிர்த்தி உட்கார வைப்பேன். வெறும் வயிற்றில் நடுக்குவாத மாத்திரை. பிறகு காத்திருப்போம். முதலில் முகம் இளகும், பிறகு விரல்கள். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டால் மருந்து மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் முட்டையும் சீஸும். சேர்த்துச் சாப்பிட்டால் சீஸ் முந்திக்கொள்ளும், மருந்து வெளியிலேயே நிற்கும்.

சில காலைகளில் கட்டிலடியில் பூனை என்பாள். அதுவும் மாத்திரையின் வேலைதான். இல்லாத பூனையை விரட்டிவிட்டு முட்டையை உரிப்பேன்.

நக்லா, என் மனைவி, இறந்தபிறகு வரும் இரண்டாவது வசந்தம் இது. அவள் அம்மாவான இன்ஸாஃப் அத்தையும் நானும் அலெக்சாண்டிரியாவில் அதே வீட்டில் இருக்கிறோம். அன்று நக்லாவின் தங்கை ரிஹாமுக்குக் கல்யாணத்துக்கு முந்தின மருதாணி இரவு. அத்தைக்கு ஒரே கவலை. மாலையானால் மருந்து வடிந்து, பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

"நாற்காலில உக்காந்துக்கிட்டு மகளுக்கு மருதாணி வைக்கிறவள எங்கயாவது பாத்திருக்கியா? நான் நிக்கணும் மாப்ளே."

டாக்டர் மக்ரம் போன வாரம் சொல்லியிருந்தார்: மொச்சை மாதிரி இருக்கும் பச்சை ஃபூல் காயிலும் இதே மருந்துச் சரக்கு இருக்கிறது, அளவோடு சாப்பிடுங்கள். அளவை அத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். மிச்சத்தைக் கட்டிடம் முழுக்கச் சொன்னாள். காய் குவிகிற பருவம். வீட்டுக்கு ஒரு பையாக வந்து சேர்ந்தது.

மாலையில் அடுக்களைக்குள் போனால் மேசை நிறையத் தொலி. அத்தை மென்றுகொண்டிருந்தாள். மேல்வீட்டு உம் ஹைதம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு சாப்டீங்க அத்தே?"

"கைக்கு வந்தத."

"கண்ணு வைக்காத தம்பி," என்றாள் உம் ஹைதம். "உனக்கும் ரெண்டு உரிக்கவா? மூஞ்சி அப்படியாவது அசையுதான்னு பாப்போம்."

அத்தை மாலை மாத்திரையையும் அதற்கு முன்பே விழுங்கியிருந்தாள்.

கூடத்தில் பெண்கள் தர்புகா மேளத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். அத்தை எழுந்தாள். கைத்தடி இல்லாமல் கூடத்தைக் கடந்து, நின்றபடியே ரிஹாமின் உள்ளங்கையில் மருதாணியை வைத்தாள். விரல் நடுங்கவில்லை. ரிஹாம் அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்புறம் அத்தையின் தோள் நெளிந்தது. கழுத்து, இடுப்பு. அசைவு நிற்கவில்லை.

"இன்ஸாஃபப் பாருங்கடி! கல்யாணப் பொண்ணு தோத்தா!" குலவை வாசல்வரை போனது. தர்புகா வேகமெடுத்தது.

மருந்து மிஞ்சினால் உடம்பு தானாக ஆடும் என்பது எனக்குத் தெரியும். டாக்டருக்குப் போன் போட்டேன்.

"என்ன சத்தம் அங்க?"

"மருதாணி. அத்தை ஆடறாங்க. அவங்களா ஆடல. பச்சை ஃபூல்."

"எவ்வளவு?"

"ஒரு பை முழுசும் காலி."

பெருமூச்சு கேட்டது. "இனி ஒரு காய்கூட வேண்டாம். அடுத்த மாத்திரைக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க. கொஞ்ச நேரத்துல தணியும். வலிக்குதாமா?"

"சிரிக்கறாங்க."

"விழுந்துடாம பிடிச்சுக்குங்க."

பெண்கள் நடுவே நுழைந்தேன். "மாப்ளையும் எறங்கிட்டாருடி!" என்று யாரோ கத்தினார்கள். அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்தேன். அவள் ஆட்டம் என் தோள்வரை ஏறியது.

"போதும் அத்தே, உக்காருங்க."

"நான் எங்கடா ஆடறேன்? மாத்திரை ஆடுது. நீதான் ஒண்ணும் போடலியே, நீயா ஆடு."