ஒரு மூட்டைக் கடற்கரை

கடலைப் பற்றிச் சம்பங்கிக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: பெரிதாக இருக்கும், உப்பாக இருக்கும். இந்த இரண்டை வைத்துக்கொண்டு கடலோரப் பெண்களுக்குப் பாடம் நடத்த ஒப்புக்கொண்டான். ஆள் அப்படி. ஓசூரில் அவன் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவன் இல்லை.

வேலை கொடுத்தது கிருஷ்ணகிரியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். நாகப்பட்டினம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கடல் வருஷா வருஷம் கரையைத் தின்றுகொண்டு வந்தது. மீனும் குறைந்துபோனது. பருவமே மாறிக்கொண்டு வருகிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள். அந்த ஊர்ப் பெண்கள் எட்டுப் பேரும் இளவட்டங்கள் நாலு பேரும் ஓசூர் பக்கத்துக் குளிர்ந்த ஊரான தளியில் பத்து நாள் தங்கித் தோட்ட வேலை கற்றுக்கொண்டு போய், அதை வைத்துப் பிழைக்க வேண்டும். இதுதான் திட்டம். பாடம் ரோஜா என்று முடிவு செய்தவர் மேற்பார்வையாளர் சரோஜம்மாள். தளியில் நன்றாக வருவது எங்கும் வரும் என்பது அவர் எண்ணம்.

"பத்தாம் நாளு நான் வருவேன். 'கத்துக்கிட்டோம், எங்க ஊர்ல செய்வோம்'னு அந்தப் பொம்பளைங்க வாயால சொல்லணும். சொன்னா உனக்கு வேலை நிரந்தரம். இல்லன்னா நீ கெளம்பிக்க" என்று சொல்லிவிட்டார்.

கிளம்பினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று சம்பங்கிக்குத் தெரியும். வேப்பனப்பள்ளியில் மாமனார் வெங்கடப்பனின் மாந்தோப்பு, காவல் வேலை. குரங்குகளைக்கூடச் சமாளித்துவிடலாம். "மாப்பிள்ளை சாப்டாச்சா?" என்று நாளைக்கு நாலு தரம் வந்து கேட்கும் மாமனாரைச் சமாளிக்க முடியாது. அந்தக் குரலை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

ஆகவே மூளையைக் கசக்கினான். கம்பெனியில் புது மிஷின் வந்தால் முதலில் ட்ரையல் ஓட்டுவார்கள். ரோஜாவுக்கும் ஒரு ட்ரையல் ஓட்டினால் என்ன? அவன் கடற்கரைக்குப் போக வழியில்லை. கடற்கரையைத் தளிக்குக் கொண்டுவந்துவிட்டால் போயிற்று. பெண்கள் வர இருபத்தைந்து நாள் இருக்கும்போது, அக்பர் பாஷாவின் மளிகைக் கடையில் போய் ஒரு மூட்டைக் கல்லுப்பு கேட்டான்.

"எந்த ஊருக்குப்பா ஊறுகாய் போடப் போற?" என்றார் பாஷா.

"ஊறுகாய்க்கு இல்ல பாய். நெலத்துக்கு."

பாஷா கணக்கு எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் காதில் செருகினார். "நெலத்துக்கு எரு போடுவாங்க. உப்பு போடறவனை இப்பத்தான் பாக்கறேன். உன் மாமனாருக்குத் தெரியுமா?"

மாமனார் பெயர் வந்ததும் மூட்டை தானாகத் தோளில் ஏறிக்கொண்டது.

பயிற்சிக்கென்று குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் ரோஜா, பீன்ஸ், கேரட், பாலக்கீரை, பீட்ரூட் என்று வரிசையாகப் பாத்திகள். உப்பை வாய்க்காலில் கரைத்து ரோஜாவுக்கு மட்டும் பாய்ச்சுவதாகத்தான் நினைத்தான். தண்ணீர் அவனைக் கேட்டா போகும்? கடைசிப் பாத்திவரை போய்வந்தது. உப்பு பாய்ச்சிய பத்தாம் நாள் ரோஜா இலைகள் ஓரம் கருகின. அதற்குள் பீன்ஸ் படுத்துவிட்டது. பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கிய அன்று தோட்டத்தில் நின்றவை ரோஜாச் செடிகள் அல்ல, முள்ளுக் குச்சிகள்.

வந்தவர்களுக்குத் தலைவி காத்தாயி. மீன் விற்றுப் பழகிய குரல். அவள் வாயைத் திறந்ததும் பக்கத்து நிலத்தில் ஏர் மாடு நின்றது. குச்சிகளைப் பார்த்தாள். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். அவள் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு தோண்டுமுன் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"வாத்தியாரே, இது எங்க ஊரவிடக் கரிக்குதே! யாரு கொட்டுனது?"

சம்பங்கி உண்மையைச் சொன்னான். பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"உப்புக்குப் பயந்து ஒரு ராவும் பகலும் பஸ்ஸுல வந்தா, இந்த மனுசன் காசு குடுத்து வாங்கி வச்சிருக்காரு!" என்றாள் காத்தாயி. சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் வந்தது.

பாடமெல்லாம் கடைசிப் பாத்திகளில்தான் நடந்தது. பாடம் முடிந்ததும், ஒன்பதாம் நாள்வரை அவன் அவளைக் கெஞ்சினான். "ரோஜா கத்துக்கிட்டோம்னு ஒரே வார்த்தை சொல்லிடு தாயி. என் பொழப்பே அதுலதான் இருக்குது."

"சொல்ல மாட்டேன் வாத்தியாரே. முன்ன ஒருத்தவுங்க வந்து மெழுகுவத்தி கத்துக் குடுத்தாங்க. எங்க வெயில்ல அது நிக்கிமா, வளையுது. ஆனாலும் பாவமேன்னு கத்துக்கிட்டோம்னு சொன்னோம். போட்டோ புடிச்சாங்க, போயிட்டாங்க. நாலு வருசம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

அவன் அன்று ராத்திரியே துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டான்.

பத்தாம் நாள் சரோஜம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். குச்சிகளைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "ரோஜா எங்கப்பா?"

"செத்துப்போச்சும்மா" என்றாள் காத்தாயி, அவன் வாய் திறக்குமுன். "எங்க ஊருல நட்டிருந்தா அங்கயும் செத்திருக்கும். பீன்சு, கேரட்டு எல்லாம் போச்சு. இந்தாண்ட வாங்க, இதப் பாருங்க."

கடைசி இரண்டு பாத்தியில் பாலக்கீரையும் பீட்ரூட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் தழைத்து நின்றன. காத்தாயி ஒரு பீட்ரூட்டைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு மூட்ட உப்பத் தின்னுட்டு நிக்கிது. நாங்க ஒம்போது நாளும் இந்த ரெண்டத்தான் கத்துக்கிட்டோம். எங்க ஊருல எது ஆவாதுன்னு எங்களுக்கு முன்னால பாத்து வச்ச வாத்தியாரு இவருதான். இவர எங்க ஊருக்கு அனுப்புங்க. குளிரு மாசத்துல வெதச்சுப் பாக்குறோம்."

சரோஜம்மாள் பீட்ரூட்டைப் பார்த்தார், சம்பங்கியைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. வேலை நிலைத்தது.

மார்கழியில் விதைப் பையோடு அவன் அந்தக் குப்பத்தில் போய் இறங்கினான். முதன்முதலாகக் கடலைப் பார்த்தான். பெரிதாகத்தான் இருந்தது. காத்தாயி அவனைக் கரையோரம் கூட்டிப்போய், அலை உடைகிற இடத்துக்கு அப்பால் கையை நீட்டினாள்.

"அங்கதான் எங்க வூடு இருந்துச்சு. அதுக்கும் அந்தாண்ட ஒரு தெருவு."

அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. ஒரு மூட்டை உப்பில் கடற்கரையைச் செய்துவிடலாம் என்று நினைத்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்து நாக்கில் வைத்தான்.

"எப்புடி இருக்கு வாத்தியாரே?"

"நான் போட்டதவிடக் கம்மிதான் தாயி."

"அப்ப வெதய எடுங்க" என்றாள் காத்தாயி. "வெயிலு ஏறுது."