பன்னிரண்டு பக்கக் காப்புரிமை

முனிகிருஷ்ணன் நீலசந்திராவில் இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் செய்கிறவர். மகள் ரக்ஷிதாவுக்குப் பத்து வயதில் தசைகள் தளர ஆரம்பித்து, பதினைந்தில் நடை நின்றுபோனது. அவளைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி மனைவி யசோதாவின் இடுப்பு விட்டுப்போனது. பார்க்கப் பொறுக்காமல் அவர் ஒரு நாற்காலி செய்தார். பிடியை இழுத்தால் இருக்கை கட்டில் உயரத்துக்கு எழும்பிப் பக்கவாட்டில் நகரும். உட்கார்ந்திருப்பவர் தானே சறுக்கிப் படுத்துக்கொள்ளலாம். முதல் நாள் ரக்ஷிதா சிரித்துக்கொண்டே பத்துத் தடவை போய்வந்தாள்.

பிறகு அதைப் பன்னிரண்டு பக்கம் படமாக வரைந்து விளக்கம் எழுதினாள். எல்லாப் படத்திலும் உட்கார்ந்திருந்தது அவளேதான், இரட்டைப் பின்னலும் கண்ணாடியுமாக. யாரோ சொல்லி, அந்தப் புத்தகத்துக்குக் காப்புரிமை பதிவு செய்தார்கள்.

"நாற்காலிக்கும் சேத்துதானப்பா இது?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் சேத்துதான் கண்ணு."

அந்தத் தைரியத்தில் முனிகிருஷ்ணன் ஒரு கண்காட்சியில் நாற்காலியை வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் புத்தகத்தைக் கொடுத்தார். ரக்ஷிதா பத்தொன்பதாவது வயதில் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, யசோதா ஆயாவாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்பெனியின் புது நாற்காலி வந்தது. அதே பிடி, அதே இருக்கை. அதில் தொங்கிய புத்தகத்தைப் பிரித்தால் உள்ளே ரக்ஷிதா உட்கார்ந்திருந்தாள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் வக்கீல் ஸ்னேஹா, யசோதா போனில் எடுத்துவந்த படங்களையும் பதிவுச் சான்றிதழையும் பார்த்தாள்.

"இது காப்பிரைட் சார். வரைஞ்சது, எழுதினது, அதுக்குத்தான். உங்க பொண்ணுக்கப்புறம் அது உங்களுது. ஆனா மெஷின் எப்படி வேலை செய்யுதுங்கறதுக்கு பேட்டன்ட் வாங்கணும். அதை வெளியில காட்டறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணியிருக்கணும்."

"காப்புரிமைன்னுதானேம்மா சொன்னாங்க?"

"தமிழ்ல ரெண்டையும் அப்படித்தான் சொல்றாங்க. நாற்காலியை இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. படத்துக்கு நோட்டீஸ் விடலாம், நஷ்டஈடும் கேக்கலாம்."

"துட்டு வாணாம். படத்துக்குக் கீழ எம்பொண்ணு பேர் போடச் சொல்லுங்க. இல்லன்னா எடுத்துறச் சொல்லுங்க."

யசோதா போனிலிருந்த மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. தவறுக்கு வருந்துகிறோம், படங்களை நீக்கிவிட்டோம், பழைய புத்தகங்களைத் திரும்பப் பெறுகிறோம். கூடவே புதுப் புத்தகம் ஒன்று. அதில் யாரோ ஒரு விளம்பரப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து பளிச்சென்று சிரித்தாள்.

"ஜெயிச்சுட்டோம்னு மேடம் சொல்றாங்க," என்றார் முனிகிருஷ்ணன்.

யசோதா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இன்னைக்கு வார்டுக்கு வந்து அந்தப் புத்தகத்த எடுத்துனு போய்ட்டாங்க. டெய்லி ட்யூட்டி முடிஞ்சா போய் ஒருவாட்டி பாத்துட்டு வருவேன். பேஷன்ட்டுங்ககிட்ட, இது எம்பொண்ணும்மான்னு சொல்லுவேன். பேர் இல்லன்னா இன்னா, அவ அங்க இருந்தாள்ல?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவளுக்காகக் கேக்குற. நான் எப்படிய்யா வாணாம்னு சொல்றது?"

தெரியாத விஷயத்தைத் தெரிந்தவன்போல மகளிடம் எல்லாத்துக்கும் சேத்துதான் என்று சொன்னோமே என்பதுதான் அவருக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. எழுந்து போய் அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் யசோதா வாய்விட்டு அழுதாள்.