வாடிக்கையாளரை விழுங்கிய சோபா

நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கியபோது தம்பி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரோ மூச்சுத் திணறச் சிரிக்கும் சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே டிவியில் கோட்டும் டையும் போட்ட ஓர் ஆளுக்கு வலது கை தோளோடு பிய்ந்து போயிருந்தது. பிய்ந்த இடத்திலிருந்து, தீயணைப்பு வண்டிக் குழாயைத் திறந்துவிட்டாற்போல ரத்தம் பீறிட்டு, கூரையில் மோதி, நின்றவர்கள் தலையிலெல்லாம் கொட்டியது.

நாத்தனார் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இதைப் பாத்தா இந்தச் சிரிப்பு?"

"வாங்க அண்ணி. நாளைக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படத்தை நிறுத்தினாள். அதுவும் சரியாக, அந்த ஆள் பிய்ந்த கையை மறு கையில் பிடித்துக்கொண்டு குனிந்து வணக்கம் சொல்லும் இடத்தில்.

"என் வயித்தத் தொறக்கும்போதும் இப்படித்தான் சிரிப்பியா?"

கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தம்பி பெண்டாட்டிக்கு வேலையே ஆபரேஷன் தியேட்டரில்தான். கத்தி, கவ்வி, நூல் என்று டாக்டர் கை நீட்டியதும் அதில் வைக்கிற நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர்கள் தங்கள் கேஸ் அன்றைக்கு அவள் டியூட்டியில் இருக்கிறாளா என்று பார்த்துத்தான் தேதி குறிப்பார்கள் என்று பேச்சு. அவளும் அதை மறுத்ததில்லை. "ஆமா, நான் நல்லா செய்வேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள்.

நாத்தனாரோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டாலும், நடு ரோட்டில் வண்டி நின்றுபோய் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுகிற மாணவியிடம், "அவன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான், நீ கிளட்ச்சைப் பாரு" என்று நிதானமாகச் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் ஆஸ்பத்திரி வாசனை பட்டால் வாசலோடு திரும்பிவிடுவாள். பித்தப்பையில் கல். வலி வந்தால் சுருண்டு விழுகிறாள். ஆனாலும் குறித்த தேதியை ஒரு தடவை மாணவர்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் என்றும், அடுத்த தடவை காரணமே சொல்லாமலும் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். "நீ உள்ள என் பக்கத்துல நின்னா வர்றேன். இல்லன்னா கல்லு என்கூடவே இருந்துட்டுப் போகட்டும்." டாக்டரிடம் கேட்டு அதற்கும் ஏற்பாடு செய்தாயிற்று.

இப்போது அந்த நிபந்தனையே ஆட்டம் கண்டுவிட்டது.

சமையலறையிலிருந்து தம்பி ஏப்ரனோடு வந்தான். அவனுக்குக் கேக் கடை. விரலில் கத்தி கீறினாலே கண் இருட்டிவிடும். பெண்டாட்டி ஓடி வந்து நாற்காலியில் உட்கார்த்தி வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவளுடைய இந்தப் பட ஆசையைக் கண்டு வெலவெலத்துப் போனவன். பிறகு பழகிக்கொண்டான். பழகுவதென்றால், அவள் படம் போட்டால் இவன் வேறு அறைக்குப் போய்விடுவான். அவ்வளவுதான்.

"டேய், நீ இதெல்லாம் கேக்கறதில்லையா?" என்றாள் அக்கா.

"அது சும்மா படம்க்கா."

"எது சும்மா? கை பிஞ்சு தொங்குது, இவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. நாள் பூரா ரத்தத்துல கிடந்து மனசு மரத்துப் போச்சு போல. நான் கிளம்பறேன். ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

தம்பி தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் பதறவில்லை. நாத்தனார் கையிலிருந்து பெட்டியை மெல்ல வாங்கிச் சுவரோரம் வைத்தாள்.

"போறதா இருந்தா போங்க அண்ணி, தடுக்க மாட்டேன். ஆனா பாதியில பாத்துட்டுத் தீர்ப்புச் சொல்லாதீங்க. முதல்லேருந்து போடறேன். முழுசாப் பாருங்க. பாத்துட்டு, நான் உங்க பக்கத்துல நிக்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

"எனக்குப் பயமா இருந்தா?"

"இருக்காது."

நாத்தனார் நாற்காலியின் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள்போல உட்கார்ந்தாள். அக்காவைத் தனியே விடக்கூடாது என்று தம்பியும் கதவோரம் நின்றான்; தேவைப்பட்டால் ஓட வசதி.

ஜப்பான் படம். பெரிய மரச்சாமான் கடை ஒன்று. அங்கே புதிதாக வந்திருக்கும் சிவப்பு சோபாவுக்கு மனிதப் பசி. உட்கார்ந்தவரை விழுங்கிவிட்டு ஷூவை மட்டும், அதுவும் பாலிஷ் போட்டு, வெளியே துப்பிவிடும். கடை ஆட்களுக்கு அதைவிடப் பெரிய கவலை, வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்பது. ஒருவனுக்குக் கை போகிறது. ரத்தம் அருவியாகக் கொட்டுகிறது. கடைக்கு வந்த அம்மாள் நிதானமாகக் குடையை விரிக்கிறாள். கை போனவன் குனிந்து ஏதோ சொல்கிறான்.

கீழே ஓடும் எழுத்தைப் படிக்க நாத்தனாரிடம் கண்ணாடி இல்லை. "என்னவாம்?" என்றாள், வேண்டாவெறுப்பாக.

"‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ங்கிறான்."

"கை போனதுக்கா?"

"இல்லண்ணி. அந்தம்மா பையில ரத்தம் தெறிச்சதுக்கு."

நாத்தனார் உதட்டை இறுக்கிக்கொண்டாள். மேலாளர் ஓடி வந்தான். அவனும் மன்னிப்புக் கேட்கக் குனிந்தான். ரத்தத்தில் வழுக்கிக் கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குனிந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போனான். போகிற வழியில் இருந்த ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னான்.

கதவோரம் நின்ற தம்பி ஓரடி உள்ளே வந்தான். இன்னும் ஓரடி. டிவிக்கு நேராகக் குனிந்தான்.

"அது சர்க்கரைப் பாகு," என்றான். "சோளமாவு கம்மியாப் போட்டிருக்கான், அதான் அப்படி ஓடுது. நான் காய்ச்சினா இதைவிடக் கெட்டியா வரும்."

"நிறம்?" என்று பெண்டாட்டி கேட்டாள்.

"நிறம் பரவாயில்ல. கொஞ்சம் கோகோ சேத்திருக்கலாம்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். சின்ன வயதில் மூக்கில் ரத்தம் வந்ததற்குத் தெருவே கூடும்படி மயங்கி விழுந்த தம்பி, இப்போது ரத்த அருவிக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துத் திரையில் கையிழந்தவன், பிய்ந்த கையாலேயே, ‘வெளியே செல்லும் வழி’ என்று பணிவாகச் சுட்டிக்காட்டினான்.

முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு நாத்தனாரின் தோள் குலுங்கியது. பிறகு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, கல்லு குத்துது, நிறுத்துடி" என்றாள். நிறுத்தப் போனபோது, "இரு, இரு, சோபா என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு நிறுத்து" என்றாள்.

படம் முடிந்து மூவரும் டீ குடித்தார்கள். நாத்தனார் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டாள்.

"சிரிப்பு வருதுதான். இல்லேங்கல. ஆனா உனக்கு எப்படி வருது? தினம் பாக்கறவ நீ."

"தினம் பாக்கறதாலதான் அண்ணி. எங்க இடத்துல ரத்தம் சத்தமே போடாது. ஒரு சொட்டு தப்பான இடத்துல எட்டிப் பாத்தாலும் அத்தனை பேரும் பேச்ச நிறுத்திடுவோம். எங்கேருந்து வருது, யார் பிடிக்கணும், எதை எடுத்துக் குடுக்கணும்னு கை ஓடிட்டே இருக்கும். வெளியில பெஞ்சுல ஒருத்தர் கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பார். அந்தப் பார்வை உள்ள இருக்கற எங்க எல்லார் முதுகுலயும் இருக்கும்." அவள் டிவியைக் காட்டினாள். "இங்க பெஞ்சுல யாரும் இல்ல. எவ்ளோ கொட்டினாலும் நான் ஓடிப் போய்ப் பிடிக்க வேணாம். ஒரு மனுஷனுக்குள்ள இத்தனை பக்கெட் இருக்காதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். சட்டைக்குள்ள குழாய் போறதுகூடத் தெரியுது. அதை அவங்க மறைக்கவும் இல்ல. ‘பாரு, எவ்ளோ பெரிய பொய் சொல்றேன் பாரு’ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்றாங்க. நாம எதுக்குப் பயப்படறோமோ அதைப் பிடிச்சு இழுத்து, ஊதி, பலூன் மாதிரி ஆக்கிடறாங்க. அப்புறம் அது வெடிக்கும்போது சிரிப்புதானே வரும்?"

நாத்தனார் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து கேட்டாள்: "அன்னிக்கு நான் எத்தனை மணிக்குமேல சாப்பிடக் கூடாது?"

ஆபரேஷன் அன்று காலை, தள்ளுவண்டியில் படுத்தவளின் கை சில்லென்று இருந்தது. பச்சை உடுப்பும் முகமூடியுமாகத் தம்பி பெண்டாட்டி வந்து நின்றதும் நாத்தனார் கண்ணை மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"நீதானே?"

"நான்தான் அண்ணி."

"சிரிக்கிறியா?"

"இல்ல. இப்ப வேலை."

நாத்தனார் தலையசைத்தாள். மயக்க மருந்து ஏறியது.

வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, உள்ளே கேமராவை விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே செய்கிற ஆபரேஷன். எல்லாம் வழக்கம்போலத்தான் போயிற்று. பித்தப்பையைப் பிரிக்கும்போது ஒரு நூலளவு ரத்தக்குழாய் கசிந்தது. திரையின் மூலையில் சிவப்பு மெல்லப் படர்ந்தது. ஒரு தேக்கரண்டிகூட இராது. அறையில் பேச்சு நின்றது. டாக்டர் கையை நீட்டும் முன்பே கிளிப் மாட்டிய கருவி அங்கே காத்திருந்தது. அவர் வாங்கிப் பொருத்தினார். சிவப்பு நின்றது. மயக்க டாக்டர் விட்ட இடத்திலிருந்து தன் பேச்சைத் தொடர்ந்தார். அந்தச் சில நொடிகளில் படுத்திருப்பவள் நாத்தனார் என்ற நினைப்புகூட அவளுக்கு வரவில்லை. வரக்கூடாது என்று பழகிய கை அது. எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. சுவரில் உள்ளங்கையை ஊன்றி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வெளியே போனாள்.

புருஷன் எழுந்து நின்றான். முகம் மாவுபோல வெளுத்திருந்தது.

"முடிஞ்சுது. அண்ணி நல்லா இருக்காங்க. கல்லைப் பாக்கறீங்களா? டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்."

"வேணாம்," என்று சொல்லிக்கொண்டே அவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். அவன் தலை சாயாமல் இருக்கத் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாத்தனார் கண் விழித்ததும் போட்ட முதல் உத்தரவு, தையல் ஆறும்வரை யாரும் தன்னைச் சிரிக்க வைக்கக் கூடாது என்பது. தம்பி அதற்குப் பயந்து அந்த வாரம் முழுக்க அவளிடம் வங்கி வட்டி விகிதம் பற்றி மட்டுமே பேசினான். அதற்கும் அவள் சிரித்து, வலிக்கிறது என்று அவனைத் திட்டினாள்.

உடம்பு தேறி மறுபடி டிரைவிங் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு மதியம் மூவருமாகச் சினிமாவுக்குப் போகலாம் என்று தானே டிக்கெட் எடுத்தாள். போஸ்டரில் நிறைய ரத்தம் இருந்ததாம், நம்பி எடுத்துவிட்டாள். அது பேய்ப் படம். இருட்டு வீடு, அழுகிற குழந்தை, எவர் முகத்திலும் ஒரு பொட்டுச் சிரிப்பில்லை. இடைவேளை விடும் முன்பே நாத்தனார் எழுந்துவிட்டாள். முழங்காலை மடக்கி வழிவிட்ட வரிசைக்காரர்களையெல்லாம் தாண்டி விறுவிறுவென்று வெளியே நடந்தாள். இவர்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

"என்ன அண்ணி, பயந்துட்டீங்களா?"

"பயமாவது. டிக்கெட் கிழிக்கிறவர்கிட்ட சண்டை போடலாம்னு இருக்கேன்." படியில் நின்று மூச்சு வாங்கினாள். "இதுல ஆளுங்க நிஜமாவே சாகறாங்கடி. ஒருத்தனாவது எழுந்து மன்னிப்புக் கேட்டானா?"