ஏழு ஏழு ஏழு

திங்கட்கிழமை காலை வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்குள் நான் நுழைந்தபோது எல்லாரும் ஒரே திரையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

நாங்கள் ஒரு ஸ்கேன் சென்டரின் இணையதளத்தைப் பராமரிக்கிறோம். கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால்தான் ஒருவர் தன் ரிப்போர்ட்டைப் பார்க்க முடியும். அன்று காலை ஒரு பெண் லிங்கின் கடைசி எண்ணை மாற்றிப் பார்த்திருக்கிறார். ஓடிபி கேட்காமலே வேறொரு பெண்ணின் கர்ப்பப்பை ஸ்கேன் திறந்துகொண்டது. சென்டர் நிர்வாகி சேஷகிரி எங்கள் மேலாளர் லீனாவை அழைத்து, பன்னிரண்டு மணிக்குள் யார் செய்தது என்று பெயர் வேண்டும் என்றிருந்தார்.

ரிப்போர்ட் ஃபோல்டரை யார் யார் திறக்கலாம் என்ற பெர்மிஷனைப் பார்க்கச் சொன்னாள் லீனா. பார்க்காமலே எனக்குத் தெரியும்.

"777," என்றேன்.

"லாட்டரி நம்பர் மாதிரி. யாரு குடுத்தது?"

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் இருந்தேன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள் மடிக்கணினியைத் திறந்துவைத்து, சிக்னல் இருக்கும்வரை வேலை பார்ப்போம். ரிப்போர்ட்டுகள் ஏறவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் சென்டர் ஆள் எழுதினார். எந்தக் கணக்குக்கு உரிமை இல்லை என்று தேட நேரமில்லை. மாலூர் தாண்டினால் சிக்னல் போய்விடும். 777 அடித்தேன். உரிமையாளர், குழு, மற்றவர்கள், தரப்புக்கு ஓர் இலக்கம்; ஏழு என்றால் எல்லா உரிமையும். ஓடிபி இல்லாமல் லிங்கைத் திறப்பவரும் அந்த மற்றவர்களில் ஒருவர்தான். ரிப்போர்ட்டுகள் ஏறின. வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவதற்குள் சிக்னல் போனது. வீட்டில் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன்.

சர்வரில் நாங்கள் நால்வரும் ஒரே லாகினில்தான் நுழைவோம். கட்டளை போன நேரம் பதிவில் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. அந்த நேரத்துக்கு டியூட்டி பட்டியலில் இருந்தது ரக்ஷா. அவளுடைய காண்ட்ராக்டைப் புதுப்பிப்பதா என்று புதன்கிழமை முடிவாகும்.

லீனா முதலில் சரிசெய்யச் சொன்னாள். ரிப்போர்ட் ஏற்றும் கணக்கை ஃபோல்டருக்கு உரிமையுள்ள குழுவில் சேர்த்தேன். ஃபோல்டர்களுக்கு 770, கோப்புகளுக்கு 640. தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும். ஃபோல்டருக்கும் 640 கொடுத்தால் குழுவில் இருப்பவர்கள்கூட உள்ளே நுழைய முடியாது. மற்றவர்கள் என்ற இடத்தில் பூஜ்யம். பதினோரு நிமிட வேலை.

பிறகு பதிவுகளைத் திறந்தேன். ஞாயிறு மதியம் ஒரே இணைய முகவரியிலிருந்து பத்தொன்பது ரிப்போர்ட்டுகள், வரிசை எண்படி, ஒவ்வொன்றாக. இது காலையில் புகார் சொன்ன பெண் அல்ல. யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். காலையில் திறந்துகொண்ட ஸ்கேனும் அந்தப் பத்தொன்பதில் ஒன்று. அதை லீனாவிடம் காட்டினேன். என் வாய் அதோடு நின்றுவிட்டது.

லீனா ரக்ஷாவின் பக்கம் திரும்பினாள்.

"நா தொடவே இல்ல லீனா. மெசேஜ் பாத்துட்டு உள்ள போறதுக்குள்ள அதுவே சரியாயிருந்துச்சு."

"அதுவே எப்பிடிம்மா சரியாகும்?"

மணி பதினொன்று நாற்பது. இன்னும் கொஞ்ச நேரம் நான் பேசாமல் இருந்தால் போதும். லீனா போனை எடுத்து சேஷகிரியின் எண்ணைத் தேடினாள்.

"நாந்தான்," என்றேன். "ரயில்லருந்து குடுத்தேன்."

லீனா போனைக் கீழே இறக்கினாள். திட்டவில்லை. ரக்ஷாதான் பேசினாள், மெதுவாக.

"ஒரு மணி நேரமா என் மூஞ்சிய பாத்துட்டேதான இருந்த, வேலு?"

அவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

லீனா எண்ணை அழுத்தி, போனை என்னிடம் நீட்டினாள். இரண்டாவது மணியிலேயே சேஷகிரி எடுத்துவிட்டார்.

"சார், ஜெயவேலு பேசறேன்," என்றேன். "ரிப்போர்ட் வெளிய போன பத்தொம்பது பேருக்கு நாம தகவல் சொல்லணும்."